அழாத பிள்ளையைக் கவனிப்பது எப்படி?

புதன்கிழமை தடுப்பூசி நாள். காசிமேட்டிலோ எர்ணாவூரிலோ ஓர் அங்கன்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறை, ஒரு மின்விசிறி, வாசலில் செருப்புக் குவியல், உள்ளே பத்துப் பன்னிரண்டு கைக்குழந்தைகள். ஊசி போட்ட பிள்ளை வீறிடும், அதைக் கேட்டு அடுத்ததும் அழும். நம் கண்ணும் கையும் அழுகிற பக்கமே போகும். ஓரத்தில் ஆயாவின் (பாட்டியின்) மடியில் ஒரு குழந்தை சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஊசி குத்தும்போது மட்டும் முகம் சுளித்து, மறுபடி அமைதியாகிவிடுகிறது. "சாதுக் கொழந்த சிஸ்டர், போட்ட எடத்துல கெடக்கும்" என்று ஆயா பெருமையாகச் சொல்கிறார். நாமும் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்த அத்தியாயம் அழாத பிள்ளைக்காக. வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் வேலை செய்யும் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், குழந்தைகளோடு பழகும் தன்னார்வலர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தாய்மார்களும் படிக்கலாம். ஆனால் தன் குழந்தைக்குத் தானே மதிப்பெண் போட வேண்டாம். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

எல்லாக் குழந்தையும் அவ்வப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விளையாட்டு அதிகமானால், சத்தம் கூடினால், தூக்கம் வந்தால் கொஞ்ச நேரம் விலகி, தானாகத் திரும்பி வரும். அது ஆரோக்கியம். கவலைப்பட வேண்டியது, திரும்பி வராமல் நீடிக்கும் விலகல். பார்வை, சிரிப்பு, குரல், அசைவு எல்லாம் சேர்ந்து குறைவதை இங்கே 'உள்ளொடுங்கல்' என்று சொல்கிறேன். காய்ச்சல் எப்படி ஒரு நோயின் பெயர் இல்லையோ, அப்படியே இதுவும். வலி, ரத்தசோகை, காது கேளாமை, பார்வைக் குறை, ஆட்டிசம், தாயின் மனச்சோர்வு, சரியான கவனிப்பின்மை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இதை அளந்து பார்க்க, பிரான்சின் குழந்தை மனநல மருத்துவர் அன்துவான் கெதனே ஒரு கருவியை உருவாக்கி 2001இல் வெளியிட்டார். ஏ.டி.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2 மாதம் முதல் 24 மாதம் வரையான குழந்தைகளுக்கானது. எட்டு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 32. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். தனிச் சோதனை எதுவும் கிடையாது. வழக்கமான பரிசோதனை நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குழந்தை எப்படி இருந்தது என்பதையே பார்க்கிறது. கோபன்ஹேகனில் வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் இதைத் தங்கள் அன்றாட வேலையோடு சேர்த்துச் செய்கிறார்கள். நம் செவிலியர் வேலைக்கும் பொருந்தும் என்று நான் நம்புவது அதனால்தான்.

2013இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீஃபன் மாத்தியும் சக ஆய்வாளர்களும் இதை ஐந்து அம்சமாகச் சுருக்கினார்கள். களத்தில் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் சுருக்க வடிவமே கைக்கு அடக்கம். கீழே உள்ள படிகள் அதைத் தழுவியவை.

எப்போது பார்ப்பது?

தடுப்பூசி அட்டவணையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

6வது வாரம்: கருவியைப் பயன்படுத்த வயது போதாது. தாயோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

10வது, 14வது வாரம்: நல்ல தருணங்கள். முகம் பார்த்துச் சிரிப்பதும் 'ங்கா' கொட்டுவதும் இந்த வயதில் வந்திருக்க வேண்டும்.

14வது வாரத்துக்கும் 9வது மாதத்துக்கும் நடுவே ஊசி இல்லை. இந்த நீண்ட இடைவெளியில்தான் பிள்ளைகள் நம் பார்வையிலிருந்து நழுவுகிறார்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கும் நாளை இதற்குப் பயன்படுத்துங்கள்.

9வது மாதம், பிறகு 16 முதல் 24 மாதம்: மறுபடி ஊசி நாள், மறுபடி பார்வை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இதை மறந்தால் நல்ல குழந்தைக்குக் குறை சொல்லிவிடுவோம்.

முதலில் உடம்பு, பிறகுதான் முகம்

கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மதிப்பெண் தாளை மூடி வையுங்கள். குழந்தை உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் 108.

● பால் குடிக்கவில்லை, அல்லது குடித்ததையெல்லாம் கக்குகிறது
● வலிப்பு வந்தது
● எழுப்பினாலும் கண் திறக்காத மந்தம்
● மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுக்கிறது
● உச்சிக்குழி பள்ளமாகவோ புடைத்தோ இருக்கிறது

திடீரென்று சோர்ந்துபோன குழந்தை நோயாளி. நாம் தேடுவது நாள்கணக்காக, வாரக்கணக்காக மெல்ல ஒதுங்கிய குழந்தையை.

அடுத்து, குழந்தைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நம் பகுதியில் இதைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. வசம்பும் ஜாதிக்காயும் உரசி ஊட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஜாதிக்காய் அளவு மிஞ்சினால் குழந்தை மயங்கிக் கிடக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மருந்திலும் தூக்கம் வரவைக்கும் சரக்கு இருக்கும். "யார் இத குடுக்கச் சொன்னா?" என்று அதட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். "நேத்து ராத்திரி தூங்குறதுக்கு ஏதாச்சும் உரசிக் குடுத்தியாம்மா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

'உரம் விழுந்துவிட்டது' என்று சேலையில் போட்டு உருட்டியிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். சோர்ந்த குழந்தையைக் குலுக்குவது, தலைகீழாகத் தூக்குவது, வேகமாக உருட்டுவது மூளைக்கு ஆபத்து. இதை மட்டும் அன்றைக்கே, தெளிவாக, அன்போடு சொல்லிவிடுங்கள்.

பார்க்கும் முறை: படிப்படியாக

1. ஊசிக்கு முன்னால் பாருங்கள். குத்திய பிறகு அழுகையும் அடுத்த நாள் காய்ச்சலும் எல்லாவற்றையும் குழப்பிவிடும். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதானாலும் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழியட்டும்.

2. குழந்தை விழித்திருக்கிறதா, பசி ஆறியிருக்கிறதா என்று கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் வரிசையில் பின்னால் தள்ளி வையுங்கள்.

3. தூளியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். துணிச்சுற்றைத் தளர்த்துங்கள். வாயில் நிப்பிள் இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டிப்போட்ட உடம்பில் அசைவையும் அடைத்த வாயில் குரலையும் தேட முடியாது.

4. இடம் தேர்ந்தெடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து அங்கன்வாடியில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் குழந்தை திடுக்கிடும். உள்ளே தள்ளிய ஒரு மூலை, முகத்தில் வெளிச்சம் படுகிற இடம் போதும். டி.வி.யும் செல்போனும் அணைந்திருக்கட்டும்.

5. முதல் இரண்டு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். தாயோடு பேசிக்கொண்டே குழந்தையைப் பாருங்கள். அது தாயைத் தேடுகிறதா? புதிய குரல் கேட்டதும் உங்கள் பக்கம் திரும்புகிறதா?

6. பிறகு குழந்தையின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்காருங்கள். மெதுவாகப் பேசுங்கள்: "யாரு வந்திருக்கா பாரு... செல்லக்குட்டி என்ன பண்றீங்க?" பேசிவிட்டு நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வரும் நேரம் இது. பேசிக்கொண்டே இருந்தால் குழந்தைக்கு முறை வராது.

7. எடை பாருங்கள், தலைச்சுற்றளவை அளந்து பாருங்கள், கை கால் தொடுங்கள். குளிர்ந்த தராசில் வைக்கும்போது எதிர்ப்புக் காட்டுகிறதா, காட்டிவிட்டு யாரைத் தேடுகிறது என்று கவனியுங்கள்.

8. கடைசியாகத் தாயின் கையில் கொடுத்து, "வீட்ல எப்டிப் பேசுவியோ அப்டிப் பேசும்மா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கூச்சப்பட்டால் வற்புறுத்த வேண்டாம்.

9. குழந்தை போன பிறகு, அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்கு முன், எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் பத்துக் குழந்தையும் ஒரே குழந்தையாகிவிடும்.

ஐந்து இடங்களில் கண் வையுங்கள்

ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைதான். சரியாக இருக்கிறது: 0. சந்தேகம்: 1. தெளிவாகக் குறைவு: 2.

முகம். பேசும்போது புருவம், கன்னம், வாய் மாறுகிறதா? சிரிப்பு மட்டுமே பாவனை இல்லை. சுளிப்பும் வியப்பும் கணக்கில் சேரும். எது நடந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் முகமே கவலைக்குரியது.

கண். உங்களைப் பார்க்கிறதா, பார்த்தால் நிற்கிறதா, உங்களைத் தாண்டி வெறுமையில் போகிறதா? விசிறியையும் ஜன்னலையும் பார்க்கிற குழந்தை முகத்தை மட்டும் தவிர்த்தால், அதை அப்படியே எழுதுங்கள்.

குரல். 'ங்கா', கீச்சு, சிணுங்கல், அழுகை எல்லாமே குரல். வலித்தபோதும் குரல் வராத குழந்தைக்கு 2.

அசைவு. தலை, உடம்பு, கை, கால். விரல்கள் மட்டும் நெளிந்துகொண்டு உடம்பு கட்டையாகக் கிடந்தால் ஏமாறாதீர்கள்.

உறவு. நாலும் சேர்ந்த இடம் இது. ஒருவரோடு ஒருவராகக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறதா? கோபமாக இருந்தாலும் உங்களோடு கோபப்படுகிறதென்றால் அது உறவுதான்.

கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மூல வடிவத்தில் இன்னும் மூன்று அம்சங்கள் உண்டு: தன் விரலையோ முடியையோ ஓயாமல் தடவிக்கொள்ளுதல், தூண்டலுக்கு எவ்வளவு விரைவாகப் பதில் வருகிறது என்பது, குழந்தையின் 'ஈர்ப்பு'. கடைசி அம்சம் அழகைப் பற்றியதே அல்ல. இந்தக் குழந்தையோடு இருக்க உங்களுக்கு எவ்வளவு பிரயாசை தேவைப்பட்டது என்பது அதன் கேள்வி. சில குழந்தைகளோடு பத்து நிமிடம் போனதே தெரியாது. சிலரிடம் இரண்டாவது நிமிடத்திலேயே கண் கடிகாரத்துக்குப் போகும், மனம் அடுத்த வேலையைத் தேடும். அப்படித் தோன்றினால் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், கவனக்குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை யாரும் தேடாதபடி ஆக்கிவிடுவது உள்ளொடுங்கலின் கொடுமை. வீட்டிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஐந்து மாதக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். தாய் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவர், ஆயாதான் தூக்கி வந்திருக்கிறார். நீங்கள் பேசியதும் குழந்தை ஒரு நொடி பார்க்கிறது, பிறகு கண் சுவருக்குப் போகிறது. பத்து எண்ணியும் திரும்பவில்லை. கண்: 2. முகத்தில் லேசாகப் புருவம் அசைந்தது. முகம்: 1. தராசில் ஒரே ஒரு சிணுங்கல். குரல்: 1. கால்களை நன்றாக உதைக்கிறது. அசைவு: 0. ஆயா "கண்ணு..." என்று கூப்பிட்டதும் மெதுவாக அவர் பக்கம் சாய்கிறது. உறவு: 1. கூட்டினால் 5.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பாலும் அணைப்பும் தருபவர் தாய். பகலெல்லாம் கூட இருப்பவர் ஆயா. இருவரோடும் குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். எனவே தாய் வீடு திரும்பும் நேரம் கேட்டு, அந்த நேரத்தில் வீட்டுக்குப் போங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒன்பது மாதக் குழந்தை உங்களைக் கண்டதும் தாயின் தோளில் முகம் புதைக்கும். இது உள்ளொடுங்கல் அல்ல. ஏழெட்டு மாதத்தில் வேற்றுமுகம் பார்க்கத் தொடங்குவது வளர்ச்சியின் அடையாளம். தாயின் தோளிலிருந்து திருட்டுத்தனமாக உங்களை எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் 0. தட்டம்மை ஊசி சரியாக இந்த வயதில் விழுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

யாரிடம் கொடுத்தாலும் போய்விடும் ஒரு வயதுக் குழந்தையை 'நல்லா பழகுது' என்று மெச்சுவதும் தவறு. யாருமே தனி இல்லையா என்று இன்னொரு முறை பாருங்கள்.

செல்போனைக் காட்டிச் சிரிக்கவைத்துவிட்டு, சிரிக்கிறதே என்று எழுதுவது. திரை பதில் பேசாது. நமக்கு வேண்டியது மனித முகத்துக்கு வரும் பதில்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. நம் தமிழ்க் கொஞ்சல் அந்தக் குழந்தைக்குப் புதிது. தாயை அவர் மொழியிலேயே பேசவிட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் போட்ட மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

நிறம், எடை, உடை பார்த்துத் தீர்மானிப்பது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையும் உள்ளொடுங்கலாம். மெலிந்த குழந்தை துறுதுறுவென்று இருக்கலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு: "கொழந்தைகிட்ட நீ பேசறதே இல்லையா?" என்று தாயிடம் கேட்பது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் உங்கள் முன் குழந்தையைக் கொண்டுவர மாட்டார்.

தாயிடம் பேசுவது

வேலூர் அருகே கணியம்பாடியில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் 11 சதவீதத் தாய்மார்களிடம் புதிதாக மனச்சோர்வு காணப்பட்டது. மனச்சோர்வு இருக்கும் தாய்க்கு அன்பு இல்லாமல் இல்லை. அதை முகத்தில் கொண்டுவரத் தெம்பு இல்லை. தாயின் முகம் சில நிமிடம் அசையாமல் இருந்தாலே குழந்தை முதலில் கூப்பிட்டுப் பார்த்து, பிறகு பார்வையைத் திருப்பிக்கொள்வதை எட்வர்ட் டிரானிக் 1970களில் காட்டினார். சில நிமிடத்துக்கே அப்படியென்றால் மாதக்கணக்கில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கூட்டத்தின் நடுவே கேட்காதீர்கள். மாமியாரும் கணவரும் அருகில் இல்லாத நேரமாக, இரண்டே கேள்வி:

"ரெண்டு வாரமா மனசு ரொம்ப சோர்ந்து, அழுகையா வருதாம்மா?"
"முன்ன புடிச்சதெல்லாம் இப்ப எதுவும் புடிக்காம இருக்கா?"

ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றோ சொன்னால் அவரையும் குழந்தையையும் தனியே விட்டு வராதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூட இருக்கவைத்து, அன்றே ஸ்டான்லி போன்ற மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேருங்கள்.

வீட்டின் வருமானத்தையும் நாள்காட்டியையும் பார்க்கத் தவறாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களில் கடன் ஏறும், வீட்டுக்குள் சண்டை கூடும். 2023 டிசம்பர் நினைவிருக்கும்: மிக்ஜாம் புயல் வெள்ளம், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம், 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியாக் கசிவு. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய தாய்மார்கள் இந்தக் குப்பங்களில்தான் இருக்கிறார்கள். அப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு வரும் வாரங்களில் எல்லாக் கைக்குழந்தைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மூச்சுத் தொந்தரவுக்கு முகாம் நடக்கும், இதற்கு யாரும் நடத்த மாட்டார்கள்.

2 வந்தால் என்ன செய்வது?

1. ஒரு பார்வையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு நாள், இன்னொரு வேளையில் மறுபடி பாருங்கள். முடிந்தால் உங்கள் முதல் மதிப்பெண் தெரியாத சக பணியாளர் ஒருவரும் பார்க்கட்டும்.

2. இரண்டாவது முறையும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ரத்தசோகை, தைராய்டு, காது, கண், வலி தரும் நோய் ஏதாவது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தையும் இப்படித்தான் மந்தமாக, ஒட்டாமல் இருக்கும். அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது.

3. வளர்ச்சி அட்டையையும் போட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் 17 கேள்வி அட்டை சுலபமானது. அதில் பின்தங்கினால் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தை நலத் திட்ட) குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம்.

4. மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள். குளிப்பாட்டி முடித்த பிறகு ஐந்து நிமிடம், குழந்தை முகம் பார்க்க உட்கார்ந்து, அது எழுப்பும் சத்தத்தையே திருப்பிச் சொல்லி, காத்திருக்க வேண்டும். குழந்தை திரும்பிக்கொண்டால் முகத்தைப் பிடித்துத் திருப்பக் கூடாது. அதுவாக வரட்டும். தாய்க்குத் தெம்பில்லாவிட்டால் அப்பாவோ ஆயாவோ செய்யலாம்.

எழுதி வைப்பது

முறையான பயிற்சி பெற்று, காணொளிகளுக்கு மதிப்பெண் போட்டுச் சரிபார்த்துக்கொண்ட பிறகே எண்ணைத் தாய்சேய் அட்டையில் எழுத வேண்டும். அதுவரை எண் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். அட்டையிலும் பரிந்துரைச் சீட்டிலும் பார்த்ததை எழுதுங்கள். 'ஆட்டிசமா?', 'தாய் சரியில்லை' போன்றவற்றை ஒருபோதும் எழுதாதீர்கள். அந்தச் சீட்டு வீட்டில் எல்லோர் கையிலும் போகும். உங்கள் போனில் குழந்தையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. மருத்துவருக்குக் காட்ட வேண்டுமானால் தாயின் போனில் தாயே எடுக்கட்டும்.

நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

"5 மாதம். எடை பார்க்கும் நாள், காலை 10.30, விழித்திருந்தது, பால் குடித்து அரை மணி நேரம். பேசினால் ஒரு நொடி பார்த்துச் சுவருக்குத் திரும்புகிறது. சிரிக்கவில்லை. தராசில் ஒரு முறை சிணுங்கல். கால் நன்றாக உதைக்கிறது. ஆயா குரலுக்குச் சாய்ந்தது. உரசிக் கொடுத்த மருந்து எதுவும் இல்லை. தாயைப் பார்க்க வியாழன் மாலை 4 மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும்."